குண்டைத் திருடிய நண்பன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரழிவு ஆயுதத்தைத் திருடிக்கொண்டு போன பழைய கூட்டாளியை என் கதாநாயகன் நேருக்கு நேர் சந்திக்கிறான். அவனும் உளவாளிதான். துப்பாக்கி, சண்டை எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். நிஜத்தில் இப்படிப்பட்ட சந்திப்பு எப்படித்தான் நடக்கும்?

பதில்: துப்பாக்கிக்கு அங்கே வேலையே இல்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால்தான் வழக்கே உண்டு. உளவுத்துறையின் கையில் இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் வெளியில் எடுத்துக் காட்ட முடியாத ஆதாரம். உங்கள் காட்சி முழுவதையும் இந்த ஒரு சிக்கலின் மேல் கட்டலாம்.

இதற்குக் கிளாஸ் ஃபுக்ஸ் வழக்கைவிட நல்ல மாதிரி கிடையாது. நாஜிகளிடமிருந்து தப்பி 1933இல் இங்கிலாந்து வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் அவர். 1944 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அணுகுண்டு வேலை. போர் முடிந்ததும் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் கோட்பாட்டு இயற்பியல் பிரிவின் தலைவர். 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. நாகசாகியில் விழுந்த குண்டின் அமைப்பைப் பார்த்துச் செய்தது அது. ஏறக்குறைய அதே சமயத்தில், போர்க்காலத்தில் நியூயார்க்கிலிருந்து மாஸ்கோவுக்குப் போன சங்கேதத் தந்திகளில் சிலவற்றை அமெரிக்கர்கள் படித்துவிட்டிருந்தார்கள். சங்கேத எண்கள் அச்சிட்ட ஒரு தாளை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும் என்பது அந்தச் சங்கேத முறையின் விதி. 1942இல் போர் நெருக்கடியில் மாஸ்கோவில் சுமார் 35,000 தாள்களை இரண்டு பிரதிகளாக அச்சடித்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் ‘வெனோனா’ என்ற இந்தச் சங்கேத உடைப்புத் திட்டம் உள்ளே நுழைந்தது. தந்திகளில் ‘ரெஸ்ட்’, பிறகு ‘சார்லஸ்’ என்று வந்த ஆள் ஃபுக்ஸ்தான் என்று தெரிந்தது.

தெரிந்து என்ன பயன்? நீதிமன்றத்தில் தந்தியைக் காட்டினால், சங்கேதம் உடைந்த செய்தி மாஸ்கோவுக்குப் போய்விடும். ஆகவே பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 ஒரு பழைய போலீஸ் துப்பறிவாளரை அனுப்பியது. ஜிம் ஸ்கார்டன் என்று பெயர். அவரிடம் கொடுத்து அனுப்பியது ஒரு சாக்குப்போக்கு மட்டும். ஃபுக்ஸின் தந்தைக்குக் கிழக்கு ஜெர்மனியில், லைப்ஸிக்கில், பேராசிரியர் வேலை கிடைத்திருந்தது. அதனால் தனக்குப் பாதுகாப்புச் சிக்கல் வருமோ என்று ஃபுக்ஸே நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டிருந்தார். ‘அது பற்றிப் பேச வந்தேன்’ என்று 1949 டிசம்பர் 21 அன்று ஸ்கார்டன் அவருடைய அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவரையே பேச விட்டார். குடும்பம், படிப்பு, மாணவர் காலத்து அரசியல் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பிறகு சடாரென்று, நியூயார்க்கில் இருந்தபோது சோவியத் ஆட்களோடு தொடர்பு வைத்திருந்தீர்கள் இல்லையா என்று கேட்டார். ஃபுக்ஸ் சொன்ன பதில், ‘அப்படி நினைக்கவில்லை’. நிரபராதி ‘இல்லை’ என்பார். ‘அப்படி நினைக்கவில்லை’ என்று எப்படி ஒருவர் சொல்வார்? அது ஸ்கார்டனின் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவர் மேலே போய் அழுத்தவில்லை. டிசம்பர் 30, ஜனவரி 13 என்று இடைவெளி விட்டு மறுபடி வந்தார். ஜனவரி 24 அன்று ஃபுக்ஸின் வீட்டில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. வெளியே போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினார்கள். வந்ததும் ஃபுக்ஸ் சொல்லிவிட்டார். எது முக்கியமான தகவல் என்று கேட்டதற்கு, அணுகுண்டு செய்யும் முறை முழுவதும்தான் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதையில் எழுதினால் ஆசிரியர் நம்ப மாட்டார். ஒப்புக்கொண்ட ஆளைக் கைது செய்யவில்லை! மூன்று நாள் கழித்து அவரே தனியாக ரயிலேறி லண்டன் வந்தார். ஸ்கார்டன் ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்து வந்து, அவர் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தைக் கையால் எழுதினார். ஃபுக்ஸ் திருத்தம் போட்டுக் கையெழுத்திட்டார். தொழில்நுட்ப விவரம் மட்டும் சொல்ல மறுத்தார். ஸ்கார்டனுக்கு அணு ரகசியங்களைக் கேட்க அனுமதி கிடையாது என்பது காரணம்! சோவியத்துக்குக் கொடுத்ததை எம்.ஐ.5க்குச் சொல்ல விதி இடம் தரவில்லை. அதைக் கேட்டு எழுத மைக்கேல் பெரின் என்ற அணுசக்தித் துறை அதிகாரி வர வேண்டியிருந்தது. கைது பிப்ரவரி 2, 1950.

ஏன் இத்தனை நிதானம்? ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கிய வாக்குமூலம் அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் நின்றிருக்காது. ‘சொல்லிவிட்டால் வேலையில் இருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை வாக்குக் கொடுத்திருந்தாலும், ஒரே சான்றாக இருந்த வாக்குமூலம் கைநழுவிப் போயிருக்கும். உங்கள் கதாநாயகனுக்கு இந்தக் கட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள்: அவனுக்கு எல்லாம் தெரியும், எதையும் காட்ட முடியாது, எதையும் தருவதாகச் சொல்லவும் முடியாது.

கேள்வி: ஃபுக்ஸ் ரகசியம் கொடுத்தபோது சோவியத் யூனியன் நேச நாடுதானே? பிறகு எப்படித் துரோகம் ஆகும்?

பதில்: சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்டது. எதிரி நாட்டுக்கு உதவியிருந்தால் தேசத்துரோக வழக்கு, தூக்கு. கொடுத்த காலத்தில் நட்பு நாடு என்பதால் அரசு ரகசியச் சட்டம் மட்டுமே பாய்ந்தது. அதில் அன்று உச்சத் தண்டனை 14 ஆண்டு. 1950 மார்ச் 1 அன்று நடந்த விசாரணை ஒன்றரை மணி நேரம்கூட நீளவில்லை. முழு 14 ஆண்டும் விதிக்கப்பட்டது. 1959இல் வெளியே வந்து கிழக்கு ஜெர்மனி போய்விட்டார். கதையில் இரு நாடுகளும் எந்த ஆண்டு வரை கூட்டாளிகள் என்பதை முதலிலேயே நிச்சயம் செய்துகொள்ளுங்கள். தண்டனை அதைப் பொறுத்தது.

கேள்வி: விசாரிக்கப் போகிறவர் வெறும் அதிகாரியாக இல்லாமல் உயிர் நண்பராகவே இருந்தால்?

பதில்: அனுப்பக் கூடாது என்பது எங்கள் கருத்து. அனுப்பித்தான் பார்த்தார்கள், 1963இல்.

கிம் ஃபில்பி, பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6இன் உயர் அதிகாரி. 1934லிருந்தே சோவியத்தின் ஆள். 1951இல் அவரைப் போலவே சோவியத்துக்கு உளவு பார்த்த தோழர்கள் பர்ஜெஸும் மக்லீனும் தப்பியோடியதும் சந்தேகம் அவர் மேல் விழுந்தது. விசாரித்தும் எதுவும் தேறவில்லை. அந்தக் காலம் முழுக்க அவருக்காக வாதாடியவர் நிக்கலஸ் எலியட், அதே துறையில் இருந்த நண்பர். வேலை போன ஃபில்பிக்கு பெய்ரூட்டில் பத்திரிகை நிருபர் வேலை கிடைக்கவும் உதவினார். பழைய தோழி ஒருவர், 1930களில் ஃபில்பி தன்னை உளவு வேலைக்கு அழைத்ததாக 1962இல் சொன்னபோதுதான் விஷயம் உடைந்தது. எம்.ஐ.5 அதிகாரி ஒருவர் போவதாக இருந்ததை மாற்றி எலியட்டை அனுப்பினார்கள். ஏமாந்த நண்பனின் கோபம் வேலை செய்யும் என்று கணக்கு.

1963 ஜனவரி 12. பெய்ரூட்டில் ஒரு குடியிருப்பு, தேநீர், ரகசிய ஒலிப்பதிவு. ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் போன வண்டிகளின் இரைச்சல் பதிவில் ஏறிப் பல இடங்களில் பேச்சே புரியாமல் போனது. (ஒலிப்பதிவு வரும் காட்சி என்றால் ஜன்னலை முதலில் மூடச் சொல்லுங்கள்.) முழு உண்மையும் சொன்னால் வழக்கு இல்லை என்று எலியட் பேரம் பேசினார். யோசிக்க அவகாசமும் கொடுத்தார். ஃபில்பி திரும்பி வந்து தட்டச்சு செய்த இரண்டு பக்கம் நீட்டினார். அரைகுறை உண்மை. சில நாளில் எலியட் ஊரை விட்டுக் கிளம்பினார். ஜனவரி 23 இரவு, ஒரு விருந்துக்கு வர வேண்டிய ஃபில்பி வரவில்லை. சோவியத் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறியிருந்தார்.

எங்கே கோட்டை விட்டார்கள்? முதல் பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் காவல் இல்லை. எழுத்தில் கொடு என்று கேட்டதால், எதைச் சொல்வது எதை மறைப்பது என்று அவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க நேரம் கிடைத்தது. விலக்கு தருவதாக முதலிலேயே சொன்னதால், துறையிடம் வழக்கு நடத்தும் அளவுக்குச் சரக்கு இல்லை என்பதும் புரிந்துவிட்டது. நண்பன் என்பதால் வந்த கோளாறு ஒன்றும் உண்டு. நேருக்கு நேர் ‘நீ என்னை ஏமாற்றினாய்’ என்று சொல்லிவிட்டதில் எலியட்டின் மனம் ஆறியிருக்கலாம். துறைக்குத் தேவையான பெயர், தேதி, இடம் வந்து சேரவில்லை. ஸ்கார்டனும் ஃபுக்ஸை ரயிலில் தனியாகத்தானே வரவிட்டார் என்று கேட்பீர்கள். ஃபுக்ஸுக்கு ஓடும் எண்ணம் இல்லை. ஃபில்பிக்குப் போய்ச் சேர ஊரும் ஆளும் தயாராக இருந்தது. அந்த வித்தியாசத்தைக் கணிப்பதுதான் விசாரிப்பவரின் தொழில்.

நண்பனும் நண்பனும் மோதும் சந்திப்பு உங்களுக்கு வேண்டுமென்றால் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கதைக்கு இது ஸ்கார்டனைவிட நல்லது. வழக்குக்கு இல்லை.

கேள்வி: பெட்டியில் வைத்து அணுகுண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக எழுதலாமா?

பதில்: எடையைப் பாருங்கள். நாகசாகி குண்டு ஏறக்குறைய 4,670 கிலோ, நீளம் 3.3 மீட்டர். பிற்காலத்தில் மிகச் சிறிதாகச் செய்த அமெரிக்கக் குண்டுத்தலைகளில் ஒன்றே சுமார் 23 கிலோ. தூக்கலாம், ஆனால் அதைத் தூக்கியபடி மாடிப்படி ஏறிக்கொண்டே வசனம் பேச முடியாது. ஃபுக்ஸ் திருடியதற்கு எடையே கிடையாது. தலைக்குள் இருந்ததையும் சில காகிதங்களையும் கொடுத்தார்.

இரும்பாகவே திருட வேண்டும் என்றால் 1967இல் மேற்கு ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். நோய்பர்க் விமானப்படைத் தளத்திலிருந்து சைட்விண்டர் என்ற அமெரிக்க ஏவுகணை ஒன்றை மூன்று பேர் களவாடினார்கள். அதில் ஒருவர் அங்கேயே இருந்த போர் விமானி. ஏவுகணையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடுபாதை வழியே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளியே நின்றது மெர்சிடிஸ் கார். ஏவுகணையோ கிட்டத்தட்ட மூன்று மீட்டர்! காருக்குள் அடங்கவில்லை. பின் கண்ணாடியை உடைத்து, வால் வெளியே நீட்ட, மேலே கம்பளத்தைப் போர்த்தினார்கள். வெளியே நீட்டும் சரக்குக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது சாலை விதி. திருடிய ஏவுகணைக்கு அதையும் கட்டினார்கள். பிறகு பிரித்துப் பெட்டி போட்டு விமானச் சரக்காக மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் பிடிபட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏவுகணையின் பழைய வடிவம் ஒன்று 1958இலேயே சோவியத் கைக்கு வந்திருந்தது. தைவான் நீரிணைச் சண்டையில் வெடிக்காமல் ஒரு சீன மிக் விமானத்தில் குத்தி நின்றதைப் பிடுங்கி, பார்த்துப் பார்த்து கே-13 என்ற தங்கள் ஏவுகணையைச் செய்துவிட்டார்கள். திருடுவதற்கு ஆளே தேவைப்படவில்லை.

கேள்வி: திருடிய குண்டை வில்லன் உடனே வெடிக்க வைக்க முடியுமா? சிவப்புக் கம்பி, நீலக் கம்பி?

பதில்: கம்பியை விட்டுவிடுங்கள். 1962 ஜூனில் கென்னடி கையெழுத்திட்ட ஆணையின்படி, ஐரோப்பாவில் வைத்திருந்த அமெரிக்க அணு ஆயுதங்களுக்கு பி.ஏ.எல். எனும் அனுமதிப் பூட்டு வந்தது. கூட்டாளி நாட்டின் மண்ணில் இருக்கும் குண்டை அந்தக் கூட்டாளியே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்தான் இதற்கு மூலம். குறியீட்டு எண் வேறிடத்தில் வேறு ஆட்களிடம் இருக்கும். பிந்தைய வகைகளில் சில முறை தப்பாகப் போட்டால் பூட்டு நிரந்தரமாக இறுகிவிடும். இதுபோக, பல குண்டுகளில் சேர்க்கும் டிரிடியம் வாயு 12.3 ஆண்டில் பாதியாகத் தேய்ந்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆகவே வில்லன் பதினைந்து வருடம் குடோனில் போட்டுவைத்து எடுப்பதாக எழுதாதீர்கள். எண்ணை வைத்திருப்பவர் யார் என்பதைக் கதையின் முடிச்சாக்கலாம். நாயகனின் பழைய கூட்டாளியிடம் குண்டு இருக்கட்டும், எண் இன்னொருவரிடம் இருக்கட்டும்.

கேள்வி: ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சாதிப்பவரை எது உடைக்கும்?

பதில்: ஆதாரத்தை விட, அதைக் காட்டும் நேரம். கையில் இருப்பதை முதலிலேயே மேஜையில் போட்டால், அதற்கு ஏற்ற மாதிரி ஒரு விளக்கம் தயாராகிவிடும். முதலில் அவர் வாயால் ஒரு பொய்யைச் சொல்ல வைக்க வேண்டும். சின்னப் பொய் போதும், ஆனால் திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘அந்த ஊருக்குப் போனதே இல்லை’ என்பது போல.

ஃபுக்ஸிடமிருந்து காகிதங்களை வாங்கிப் போன தூதர் ஹாரி கோல்டு, ஃபிலடெல்ஃபியாவில் வேதியியலாளர். மிசிசிப்பி நதிக்கு மேற்கே போனதே இல்லை என்று எஃப்.பி.ஐ.யிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். 1950 மே 22 அன்று அவர் வீட்டைச் சோதித்தபோது, அலமாரியில் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சான்டா ஃபே நகரின் வரைபடம் ஒன்று வந்து விழுந்தது. லாஸ் அலமோஸுக்குப் பக்கத்து ஊர் அது. நகர வர்த்தகச் சங்கம் பயணிகளுக்குக் கொடுக்கும் சாதாரணத் தாள்தான். அதைக் கையில் பிடித்தபடி ‘போனதே இல்லை என்றீர்களே’ என்று கேட்டதும் மனிதர் உட்கார்ந்துவிட்டார். வழி கேட்டால் ஆட்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து வாங்கிய வரைபடம் அது. வாங்கியது சரி. வேலை முடிந்ததும் எரிக்காததுதான் தப்பு.

பொய் கண்டறியும் கருவியை நம்பிக் காட்சி அமைக்க வேண்டாம். சி.ஐ.ஏ.வுக்குள்ளிருந்தே சோவியத்துக்கு வேலை செய்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் அந்தச் சோதனையில் தேறினார். 1994இல்தான் மாட்டினார்.

கேள்வி: முன்பின் தெரியாத இருவர் சந்திக்க என்ன அடையாளம் வைப்பார்கள்?

பதில்: கையில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள், ஆனால் தற்செயலாக இன்னொருவரிடம் இருக்க முடியாத சேர்க்கை. 1944இல் நியூயார்க்கில் ஃபுக்ஸ் கையில் ஒரு டென்னிஸ் பந்து. கோல்டு கையுறை போட்டுக்கொண்டு கையில் இன்னொரு ஜோடி கையுறையும் வைத்திருந்தார். 1945இல் லாஸ் அலமோஸ் இயந்திரத் தொழிலாளி டேவிட் கிரீன்கிளாஸைப் பார்க்கப் போனபோது, ஜெல்லிப் பொடி டப்பாவின் அட்டையைத் தாறுமாறாக வெட்டி ஆளுக்குப் பாதி. இரண்டும் பொருந்தினால் பேச்சு.

அங்கே ஒரு விதி மீறப்பட்டது. ஒரே பயணத்தில், ஜூன் 2 அன்று சான்டா ஃபேயில் ஃபுக்ஸையும், மறுநாள் அல்புகர்க்கியில் கிரீன்கிளாஸையும் கோல்டு பார்த்தார். ஒரே தூதர் இரண்டு ஒற்றர்களைச் சந்தித்தால், ஒருவர் விழும்போது மற்றவரும் விழுவார். பயணச் செலவை மிச்சம் பிடிக்கும் அதிகாரிகள் எந்தத் துறையிலும் உண்டு போலிருக்கிறது.

கேள்வி: கூட இருப்பவர் ரகசியத்தைத் திருடுகிறார் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. முறையாகப் புகாரும் செய்கிறார். எப்படித் தோற்கும்?

பதில்: நெதர்லாந்தில் தோற்றது. ஆம்ஸ்டர்டாமில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திர வேலையில் 1972 முதல் இருந்தார் பாகிஸ்தானியரான அப்துல் காதர் கான். கூட வேலை பார்த்த நண்பர் ஃப்ரிட்ஸ் வீர்மன், தொழில்நுட்பப் புகைப்படக்காரர். கானின் வீட்டில் ரகசிய வரைபடங்களைக் கண்டு மேலிடத்துக்குச் சொன்னார். 1975 டிசம்பரில் கான் பாகிஸ்தான் போய்விட்டார். வேலையை இழந்தது வீர்மன்தான். கானைப் பிடிக்காமல் கண்காணிக்கும்படி சி.ஐ.ஏ. கேட்டுக்கொண்டதாக, அப்போது அமைச்சராக இருந்த ரூட் லுப்பர்ஸ் 2005இல் சொன்னார். 1983இல் கான் இல்லாமலே நான்கு ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். அழைப்பாணை சரியாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்று மேல்முறையீட்டில் அதுவும் போனது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், இன்னும் பெரிய வலை தெரியும் என்ற ஆசைதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. 2003இல் லிபியாவுக்குப் போன கப்பலில் சுழல் இயந்திர பாகங்கள் பிடிபட்ட பிறகே, அணு ஆயுதத் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்குக் கொடுத்ததை 2004 பிப்ரவரி 4 அன்று கான் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: குற்றவாளி ஒப்புக்கொண்டதும் கதையை முடித்துவிடலாமா?

பதில்: உளவுத்துறைக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். ஃபுக்ஸுக்குத் தன்னிடம் வந்து போனவரின் உண்மைப் பெயர் தெரியாது, ‘ரேமண்ட்’ என்றுதான் தெரியும். எஃப்.பி.ஐ. ஆட்கள் லண்டன் சிறைக்கே போய்ப் புகைப்படங்களும் படச்சுருளும் காட்டி அடையாளம் கேட்டார்கள். அதே நாட்களில் கோல்டும் ஒப்புக்கொண்டார். கோல்டு மூலம் கிரீன்கிளாஸ், அவர் மூலம் அக்காள் ஈதலும் அவர் கணவர் ஜூலியஸ் ரோசன்பர்க்கும். ரோசன்பர்க் தம்பதி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1953 ஜூன் 19 அன்று மரண தண்டனை நிறைவேறியது.

லாஸ் அலமோஸில் இன்னொருவரும் இருந்தார். தியடோர் ஹால், 19 வயதிலேயே குண்டு ரகசியங்களைக் கொடுத்தவர். இந்தச் சங்கிலியில் யாருக்கும் அவரைத் தெரியாது. 1951இல் எஃப்.பி.ஐ. கூப்பிட்டு விசாரித்தது. மறுத்தார், அவ்வளவுதான். தந்தியைக் காட்ட முடியாததால் விட்டுவிட்டார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் போய் உயிரியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். வெனோனா தந்திகள் 1995இல் வெளியானபோதுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. உங்களுக்கு இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால், இப்படிப்பட்ட ஒருவரை முதல் பாகத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் எங்காவது ஓர் ஓரமாக உட்கார வைத்துவிடுங்கள்.